ஈரலில் இறங்கிய இரும்பு

றஹீமாவின் வீட்டுக்குப் போய், "பசியில்லை" என்று சொல்லித் தப்பி வந்தவர்கள் மாத்தளையில் யாரும் கிடையாது. வயிறு சரியில்லை என்று சொன்னால் அதற்கென்று ஒரு கஞ்சி வைத்திருப்பாள். சோற்றுக் கோப்பையைக் கையால் மூடினால் விரல் இடுக்கில் குழம்பை ஊற்றுவாள். அவளைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டவர்கள்தான் அதிகம். கலேவெலப் பக்கம் வெங்காயம் போட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவள் அவள். மழை பொய்த்த வருஷங்களில் அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு ஒருநாள் விட்டு ஒருநாள்தான். ஒரு மனுசி மேல் இன்னொரு மனுசிக்குப் பிரியம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கோப்பையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவள் அந்த வயதிலேயே முடிவு செய்துவிட்டாள். அந்த முடிவை ஒருநாளும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

எழுபத்தொன்பதில் அவளை மாத்தளை டவுனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஸக்கரியாவுக்குக் குஷன் கடை. பஸ், லொறி, வேன் எல்லாவற்றினதும் கிழிந்த ஆசனங்களுக்குப் பஞ்சு வைத்து ரெக்சின் தைப்பது அவர் தொழில். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார். பெருமை என்று அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவருடைய இரத்தம் ஓ நெகட்டிவ். லேசில் கிடைக்காத வகை, யாருக்கு வேண்டுமானாலும் ஏற்றலாம். வருஷத்தில் மூன்று நான்கு தடவை ஆஸ்பத்திரி இரத்த வங்கிக்குப் போய்க் கையை நீட்டிப் படுத்துவிட்டு வருவார். அங்கே கொடுக்கிற கிரீம் பிஸ்கட்டைச் சாப்பிடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து மகள் ஜெஸீமாவுக்குக் கொடுப்பார். கொடுத்துவிட்டு வந்த அன்று உடம்பு இலேசாக இருக்கிறது என்பார்.

"இரத்தத்த இறைச்சிட்டு வந்து லேசா ஈக்குதாம்" என்று றஹீமா முணுமுணுப்பாள். ஆனாலும் அந்தக் காலத்தில் அவள் தடுக்கவில்லை.

எண்பத்தொன்பதாம் வருஷம் மாத்தளையில் இருந்தவர்களுக்கு அந்த வருஷத்தைப் பற்றி யாரும் சொல்லத் தேவையில்லை. இல்லாதவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. கடையைப் பூட்டு என்று ஒரு பக்கம் கலகக்காரர்களின் கட்டளை வரும். பூட்டிய கடையைத் திற என்று மற்றப் பக்கம் ஆமி துவக்கோடு வந்து நிற்கும். காலையில் பாண் வாங்கப் போன மனுசன் சந்தியில் டயர் புகைவதையும், அதற்குள் கிடப்பதையும் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவான். அப்படியான ஒரு பகல்பொழுதில் ஆஸ்பத்திரி வாகனம் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. லக்கலப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு இரத்தம் நிற்காமல் போகிறதாம். ஸக்கரியா சாரத்தை மாற்றிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

போனவர் அன்று திரும்பவில்லை. திடீரென்று ஊரடங்கு போட்டுவிட்டார்கள். தெருவில் யார் காலடி கேட்டாலும் றஹீமா யன்னலுக்கு ஓடினாள். மறுநாள் பகல் வரும்போது அவள் மனதுக்குள் அவரை அடக்கம் செய்து முடித்திருந்தாள். அந்த நேரத்தில்தான் மனுசன் சட்டைப் பையில் பிஸ்கட்டோடு சிரித்துக்கொண்டு படியேறினார்.

"தாயும் புள்ளயும் தப்பிட்டாங்க புள்ள" என்றார். "ஆம்புளப் புள்ள."

றஹீமா அந்தப் பிஸ்கட்டைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தாள். பிறகு அவரைக் கைகால் முகம் கழுவி வுளூச் செய்து வரச் சொன்னாள். மாடத்தில் இருந்த குர்ஆனை எடுத்து வெள்ளைத் துணி விரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"கைய வைங்க. ஆஸ்பத்திரிப் பைக்கு இனி ஒரு சொட்டு இரத்தம் குடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"விளங்காமப் பேசாத. யாருட உசுருக்காவது வேணும்னு வந்தா?"

"ஏன்ட உசுருக்கு நீங்க வேணும்."

உள்ளே ஜெஸீமா அழுதுகொண்டிருந்தாள். அவர் கையை வைத்தார், சத்தியம் செய்தார். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்று றஹீமா நினைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பிறகும் இரண்டொரு தடவை ஆள் வந்தது. ஸக்கரியா தலையைக் குனிந்துகொண்டு முடியாது என்று சொல்லி அனுப்பினார். வந்தவர்கள் யாருக்காக வந்தார்கள், அந்த ஆட்கள் பிழைத்தார்களா என்று அவரும் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை.

சில வருஷங்கள் போனபிறகு ஸக்கரியா களைக்கத் தொடங்கினார். முதலில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கண் உறக்கம். பிறகு காலையில் எழும்பும்போதே களைப்பு. தடித்த ரெக்சினுக்குள் பெரிய ஊசியை அழுத்தினால் விரல் மொளி மூட்டுகள் நொந்தன. முகமும் கையும் புகை பிடித்த சுவர் மாதிரிக் கறுத்துக்கொண்டு வந்தன. றஹீமாவுக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை, அது ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.

"வாலிபத்துல குடம் குடமா இறைச்சு ஊத்தின இரத்தம். இப்பத்தான் ஒடம்பு கேக்குது" என்றாள்.

அன்றிலிருந்து அவரை நிரப்பத் தொடங்கினாள். இறைச்சிக் கடைப் பதுர்தீனிடம் சொல்லி வைத்து வாரத்தில் இரண்டு நாள் மாட்டீரல் வாங்கினாள். மிளகும் இஞ்சியும் போட்டு வறட்டி, கடைசித் துண்டு வரைக்கும் அவர் கோப்பையில்தான் வைப்பாள். மற்ற நாளில் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம். மருந்துக்கடையில் இரும்புச் சத்து டொனிக் போத்தல் ஒன்று முடியுமுன் அடுத்தது வந்துவிடும். டொனிக் கசக்கும் என்று மேலே ஒரு கிளாஸ் தோடம்பழச் சாறு. அவர் வாய் திறக்காமல் எல்லாவற்றையும் விழுங்கினார். விழுங்க விழுங்கக் களைப்புக் கூடியது. களைப்புக் கூடக் கூட இவள் ஈரலைக் கூட்டினாள். அவளுக்கு அதைத்தவிர வேறு வழி தெரியாது, பாவம். தெரியாமல் செய்த காரியத்துக்குத் தண்டனை இல்லை என்று சொல்வார்கள். மனசுக்கு மட்டும் அந்தச் சட்டம் ஏனோ செல்வதில்லை.

தொண்ணூற்றொன்பதில் அவருக்கு வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்று ஒரு தனியார் இடத்துக்கு ஸ்கேன் பண்ணக் கூட்டிப் போனாள். இருட்டறை. டொக்டர் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கட்டையை அங்குமிங்கும் உருட்டித் திரையைப் பார்த்தார். ஈரல் பெருத்திருக்கிறது, வெள்ளையாகத் தெரிகிறது, கொழுப்புப் படிந்திருக்கிறது என்றார். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், எவ்வளவு காலமாகக் குடிக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.

குடிப்பதே இல்லை என்றார் ஸக்கரியா.

டொக்டர் இலேசாகச் சிரித்தார். எல்லாரும் இதைத்தானே சொல்கிறார்கள் என்கிற சிரிப்பு. அதற்குமேல் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவ்வளவு கெடுதல் வந்திருக்காது. அந்தச் சிரிப்பு றஹீமாவோடு வீட்டுக்கு வந்து குடியேறிவிட்டது.

குஷன் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு கள்ளுத் தவறணை இருந்தது. ஆசனம் தைக்கக் கொடுத்த லொறிக்காரர்கள் அங்கேதான் உட்கார்ந்து காத்திருப்பார்கள். மாலையில் ஸக்கரியா வீட்டுக்கு வரும்போது ரெக்சின் ஒட்டுகிற பசை மணக்கும். இருபது வருஷமாக அது பசை மணம்தான். இப்போது றஹீமாவின் மூக்குக்கே சந்தேகம் வந்துவிட்டது. சட்டையைக் கழுவப் போடுமுன் முகர்ந்தாள். அவர் உறங்கும்போது வாய்ப்பக்கம் குனிந்து முகர்ந்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காதது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியாமல், கலேவெலையிலிருந்து வந்த தன் கூடப்பிறந்த நானா ஸெய்னுலாப்தீனிடம் சொன்னாள். நானா நல்ல மனுசன்தான், ஆனால் வாய்க்குப் பூட்டு இல்லாத ஆள். இன்னொருவரிடம் ஆலோசனை கேட்டார், அவர் இன்னொருவரிடம். அந்த வருஷம் நோன்பு வந்தது. பத்துப் பதினைந்து வருஷமாகத் தெருப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுகிறவர் ஸக்கரியாதான். கஞ்சிக் கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்று, பாத்திரத்தோடு வரிசையில் வருகிற பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அகப்பையால் ஊற்றுவார். முதல்நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு போனபோது அகப்பை வேறொருவர் கையில் இருந்தது. யாரும் ஒரு குற்றமும் சொல்லவில்லை. "நீங்க களைச்சுப்போய் ஈக்கிறீங்க, இருங்க" என்றுதான் சொன்னார்கள்.

ஸக்கரியா வீட்டுக்கு வந்து வெறும் தண்ணீரில் நோன்பு திறந்தார். அன்றைக்கு றஹீமா இரண்டாவது தடவை குர்ஆனை எடுத்து வைத்தாள்.

"குடிக்கிறல்லன்னு கைய வச்சுச் சொல்லுங்க. நான் ஊருக்கே போய்ச் சொல்றேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்கு ஒரு சத்தியம் பண்ணித் தந்து அதுல நிக்கிறேன். இன்னொண்ணு கேக்காத."

அவருக்கு நொந்துவிட்டது, அதனால் அப்படிச் சொன்னார். பொஞ்சாதி நம்புவதற்கே அல்லாஹ்வைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டுமென்றால் இருபது வருஷம் சேர்ந்து வாழ்ந்தது எதற்கு? றஹீமாவுக்கு அது விளங்கவில்லை. குற்றமுள்ளவன்தான் சத்தியத்துக்குப் பயப்படுவான் என்று கணக்குப் போட்டாள். அன்று இரவு தன் பாயை மகளின் அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். ஈரலும் டொனிக்கும் மட்டும் நிற்கவில்லை. பேசாமல் கோப்பையை வைப்பாள், அவர் பேசாமல் சாப்பிடுவார். ஒன்பது வருஷம் அப்படியே போனது. ஜெஸீமாவுக்குக் கல்யாணமானது, மருமகன் கட்டாருக்குப் போனார், பேரப்பிள்ளை வந்தது. ஸக்கரியாவுக்கு நீரிழிவு என்கிற சீனி வருத்தமும் வந்தது. கடையில் இப்போது வேலைக்கு ஆள் வைத்து, தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்தெட்டில் சீனி கிளினிக்கில் புதிதாக வந்த ஓர் இளம் டொக்டர் பெண் அவருடைய கறுத்த தோலையும் வீங்கிய விரல் மொளிகளையும் பார்த்துவிட்டு ஓர் இரத்தச் சோதனைக்கு அனுப்பினாள். முடிவைக் கண்டதும் இது வேறு விஷயம் என்று சொல்லி, கொழும்பில் எம்ஆர்ஐ எடுத்து ஈரல் டொக்டரிடம் காட்டும்படி எழுதித் தந்தாள். மருமகன் கட்டாரிலிருந்து ஏற்பாடு செய்தார். பஸ்ஸில் போகும்போது சோதனைச் சாவடிகளில் எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு ஸக்கரியா நாலடிக்கு ஒரு தடவை நின்று நின்று வந்தார். கையைக் கொடுக்க வேண்டும்போல் றஹீமாவுக்கு இருந்தது. அவ்வளவு காலம் பிடிக்காத கையைத் திடீரென்று எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பின்னால் நடந்தாள்.

அந்த மெஷின் அறைக்குள் போகுமுன் மோதிரம், மணிக்கூடு, சாவி, இடுப்புப் பட்டி, இரும்பு என்று சொல்லத்தக்க எல்லாவற்றையும் கழற்றி றஹீமாவின் மடியில் வைத்தார்கள். உள்ளே இரும்பு போகவே கூடாதாம். கதவுக்கு வெளியே அவள் உட்கார்ந்திருந்தாள். யாரோ தகரத்தை அடிப்பதுபோல் சத்தம் கேட்டது, நின்றது, திரும்பக் கேட்டது. மூச்சைப் பிடியுங்கள், விடுங்கள் என்று ஒலிபெருக்கியில் குரல். அந்தக் குரலோடு சேர்ந்து இவளும் மூச்சைப் பிடித்தாள். குடித்துக் குடித்து ஈரல் போய்விட்டது என்று சொல்லப்போகிறார்கள், அதை எப்படி மகளிடம் சொல்வது என்பதுதான் அவள் யோசனை.

டொக்டர் ராஜநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர், நரைத்த தலை. படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, கதிரையை அவர்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"இந்த மெஷின் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும். நல்ல ஈரல் எண்டால் படத்துக்குப் படம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் மங்கும். இரும்பு இருந்தால் உடனே இருண்டு போகும். எவ்வளவு கெதியா இருளுதோ அவ்வளவு இரும்பு. இதைப் பாருங்கோ."

பார்த்தார்கள். வயிற்றின் குறுக்கு வெட்டுப் படம். சுற்றிவர எல்லாம் சாம்பல் நிறத்தில் இருக்க, ஈரல் இருந்த இடம் மட்டும் அடுப்புக்கரி மாதிரிக் கறுப்பு.

"முந்தி எடுத்த ஸ்கேனில கொழுப்பு எண்டு சொன்னவை?" என்று டொக்டர் கேட்டார். "அது பிழையில்லை. இந்தப் படம் கொழுப்பை வேறா, இரும்பை வேறாப் பிரிச்சுக் காட்டும். கொழுப்பும் கொஞ்சம் இருக்கு, அது சீனி வருத்தத்தாலயும் சாப்பாட்டாலயும் வந்தது. ஆனா முக்கியமான ஆள் இரும்பு. அந்த ஸ்கேனுக்கு இரும்பு தெரியாது. அதைப் பாத்திட்டு ஆரும் உங்களைக் குடிகாரன் எண்டும் நினைச்சிருப்பினம்."

றஹீமா மடியில் இருந்த சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்தாள்.

சிலருக்குப் பிறவியிலேயே இப்படித்தான் என்று டொக்டர் விளக்கினார். சாப்பாட்டில் இருக்கிற இரும்பை உடம்பு அளவுக்கு மேல் இழுத்து ஈரலில் சேர்த்துக்கொள்ளும். சேர்ந்த இரும்பு வெளியேற உடம்பில் வழி கிடையாது, இரத்தத்தோடு போனால்தான் உண்டு. மகளையும் சோதிக்க வேண்டும் என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்த வருத்தக்காரருக்கு இதைவிட முந்தியே முத்தியிருக்க வேணும். நீங்கள் எப்பவாவது இரத்தம் குடுத்தனீங்களோ?"

ஸக்கரியாவின் முகத்தில் எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. "நெறயக் குடுத்திருக்கேன் டொக்டர். வாலிபத்துல வருஷத்துக்கு மூணு நாலு தரம்."

"அப்ப அதுதான். நீங்கள் ஆருக்கோ குடுத்தது உங்களையே காப்பாத்தியிருக்கு. விடாமக் குடுத்திருந்தால் இந்த ஈரல் இப்பிடி வந்திராது. ஏன் விட்டனீங்கள்?"

றஹீமாவின் காதுக்குள் அந்தத் தகரச் சத்தம் திரும்பவும் கேட்டது. அவர் தன் பக்கம் திரும்பப் போகிறார், சொல்லப் போகிறார் என்று காத்திருந்தாள். சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட இருந்தது.

"கடையில வேல கூடிட்டுது டொக்டர்" என்றார் ஸக்கரியா. "போகக் கெடைக்கல்ல."

டொக்டர் றஹீமாவைப் பார்த்து, வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டார். பழக்கதோஷத்தில் அவள் பெருமையாகத்தான் தொடங்கினாள். ஈரல் என்றாள், முருங்கைக்கீரை என்றாள், டொனிக் என்று வரும்போது குரல் இறங்கிவிட்டது. தோடம்பழச் சாறு என்று சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. டொக்டர் அவளைக் குறை சொல்லவில்லை. புளிப்புச் சாறு சேர்ந்தால் இரும்பு இன்னும் நன்றாக உடம்பில் ஏறும், இனி எல்லாவற்றையும் நிறுத்துங்கோ என்று மட்டும் சொன்னார். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஒரு பை இரத்தம் எடுக்க வேண்டும், மாத்தளை ஆஸ்பத்திரியிலேயே எடுக்கலாம், ஈரல் அங்கங்கே இறுகத் தொடங்கியிருக்கிறது, இன்னும் பிந்தினால் ஒன்றும் செய்ய ஏலாது என்று கடிதம் எழுதித் தந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் யன்னலோரம் உறங்கினார். அவள் உறங்கவில்லை. கரண்டி கரண்டியாகத் தன் கையால் ஊட்டியதுதான் அந்தக் கறுப்பு. இரும்பு வெளியே போய்க்கொண்டிருந்த வழியைத் தன் கையால்தான் அடைத்தாள். அடைத்ததும் போதாமல் குடிகாரன் என்று ஊரிடம் கொடுத்தாள். விரோதிகூட இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்க மாட்டான் என்று நினைத்தாள். "கடையில வேல கூடிட்டுது" என்ற அந்தப் பொய்யை நினைத்தபோது முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அவர் அவளிடம் சொன்ன பொய் என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. அவளுக்காகச் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு கூத்து. இரத்தம் எடுக்கப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார் மனுசன்.

"வாப்பா, ஒங்களுக்கு என்ன விசரா?" என்று ஜெஸீமா கத்தினாள்.

"குர்ஆன்ல கைய வச்சுச் சொன்னது. ஆஸ்பத்திரிப் பைக்கு ஒரு சொட்டுக் குடுக்க மாட்டேன்னு. ஒங்க உம்மா முன்னுக்குத்தான் சொன்னேன்."

கோபத்தில் பேசினாரென்றால் பதில் பேசலாம். அவர் மெய்யாகவே பயந்தார். தலைகீழாக நின்றாலும் அசையமாட்டார் என்று றஹீமாவுக்குத் தெரியும். மறுநாள் அவள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் ஹஸ்ரத்தின் வீட்டுக்குப் போனாள். திரைக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். நல்ல காரியத்தைத் தடுக்கிற சத்தியத்தில் நிற்கத் தேவையில்லை, முறித்துவிட்டுப் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்கு வயிறாரச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்றார் ஹஸ்ரத். பிறகு இழுத்தாற்போல் கேட்டார்.

"அந்த மனுசன் குடி பாவிக்கிறாருன்னு ஒரு கத இருந்திச்சே?"

"அந்தக் கதய உண்டாக்கினது நான்தான் ஹஸ்ரத்" என்றாள் றஹீமா. "அவர் வாயில ஒரு துளி பட்டதில்ல. படத்துல பாத்தாச்சு. கேக்கிற எல்லாருக்கும் சொல்லுங்க, பொஞ்சாதி சொன்ன பொய்யின்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றார் ஹஸ்ரத்.

பத்துப் பேருக்கு அவள் சமைத்தாள். பஸ் நிலையத்தில் கிடக்கிறவர்கள், அலுவிகாரைப் பக்கம் கல்லுடைக்கிற இரண்டு குடும்பம் என்று தேடிக் கூட்டிவந்தாள். அன்றைக்கு மட்டும் யாருடைய கோப்பையிலும் அவள் வற்புறுத்தி வைக்கவில்லை. கேட்டவர்களுக்குக் கேட்டதை வைத்தாள். ஸக்கரியா பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினார்.

இரத்த வங்கியில் மிஸ் தெரேசா இன்னும் இருந்தாள். தாதியாக வந்த புதிதில் ஸக்கரியாவின் கையில் ஊசி போட்டுப் பழகியவள், இப்போது ஓய்வு பெறுகிற வயது. அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஸக்கரியா நானா! எங்கட ஓ நெகட்டிவ் ஆளு! திடீர்னு காணாமப் போயிட்டீங்களே? எத்தன தரம் ஆள் அனுப்பியிருப்போம். சண்ட நடந்த காலத்துல ஒங்க வகைக்கு நாங்க அலைஞ்ச அலைச்சல் கடவுளுக்குத்தான் தெரியும்."

ஸக்கரியா சிரித்தபடி கையை நீட்டினார். பை மெல்ல நிறைந்தது. நிறைந்த பையை அவள் கட்டியபோது, அவர் பழைய ஞாபகத்தில் கேட்டார்.

"இது யாருக்கு மிஸ்?"

"இது யாருக்கும் ஆகாது நானா. வருத்தக்காரர் இரத்தம் ஏத்தக் கூடாது. எரிச்சுருவோம்."

அவர் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப குடுத்திருந்தா யாருக்காவது ஆகியிருக்கும்" என்றார். யாரையும் குத்தச் சொல்லவில்லை, தனக்குத்தானே சொன்னார். சுவரோரம் நின்ற றஹீமாவுக்கு ஆள் அனுப்பிய நாட்கள் ஞாபகம் வந்தன. வாசலில் வந்து நின்று வெறுங்கையோடு திரும்பிப் போன அந்த மனுசர்களின் முகத்தை அவள் அன்று பார்க்கவில்லை, கதவுக்குப் பின்னால் நின்றாள். இப்போது முகமில்லாமலே எல்லாரும் வந்து நின்றார்கள். தன் புருசனை மட்டும்தான் கெடுத்தேன் என்று நினைத்திருந்தாளே, அது எவ்வளவு சின்னக் கணக்கு.

இரண்டு கிழமைக்கு ஒரு தடவை போய் வந்தார்கள். களைப்பு மெல்லக் குறைந்தது, பாய் பழைய அறைக்குத் திரும்பியது. நோன்பு வந்தபோது பள்ளிவாசலிலிருந்து இரண்டு பேர் வந்து, அகப்பை பிடிக்க அவரை வரச் சொன்னார்கள். அவர் வளைந்த விரலைக் காட்டி, "இனிப் புடிக்க ஏலாது" என்று சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார். விரல் மட்டும்தான் காரணமா என்று றஹீமா கேட்கவில்லை.

பெருநாள் கழிந்து ஒரு நாள், அவர் இரத்த வங்கிக் கட்டிலில் படுத்திருக்கும்போது அவள் தெரேசாவிடம் போய்த் தன் கையை நீட்டினாள்.

"ஏன்ட இரத்தத்த எடுங்க மிஸ். அவருக்குப் பதிலா நான் குடுக்கிறேன். அவர் விட்ட காலத்துக்கெல்லாம் சேத்துக் குடுக்கிறேன்."

தெரேசா அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுத்து, கண்ணாடிக் குவளையில் இருந்த நீல நிறத் தண்ணீரில் விட்டாள். நல்ல இரத்தமென்றால் துளி அடியில் போய்விடும். றஹீமாவின் துளி மேலேயே மிதந்தது. இன்னொரு விரலில் குத்தினாள். அதுவும் மிதந்தது.

"ஒங்களுக்கே இரத்தம் பத்தாதே! என்னதான் சாப்புடுறீங்க?"

எல்லாரும் சாப்பிட்ட பிறகு றஹீமா சட்டியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிட்டாள், அவ்வளவுதான். ஈரலில் ஒரு துண்டுகூடத் தன் கோப்பையில் வைத்தது அவளுக்கு ஞாபகமில்லை. தெரேசா அவள் கையில் இரும்புச் சத்துக் குளிசை கொஞ்சத்தைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். கொடுத்துக் கழிக்கவும் தனக்கு விதியில்லை என்று அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வரும் வழியில் ஸக்கரியா பதுர்தீனின் கடையில் நின்றார். வீட்டுக்கு வந்து, "இத வறட்டு" என்று ஈரல் பொதியை நீட்டினார். உங்களுக்கு ஆகாதே என்றாள். "எனக்கில்ல" என்றார். அவள் வறட்டி முடித்ததும் ஒரு கோப்பையில் சோறு போட்டு, ஈரல் துண்டுகளைத் தன் வளைந்த விரலால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அவள் முன்னால் தள்ளினார்.

அவள் ஒரு துண்டை வாயில் வைத்தாள். மென்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கோப்பையில் விழுந்தது.

"எறங்குதில்ல" என்றாள்.

"தெரியும்" என்றார் ஸக்கரியா. "எனக்கும் எறங்கினதில்ல. சின்னதுலேருந்தே ஈரல் எனக்குப் புடிக்காது, றஹீமா."

அவள் மெல்லுவதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். அத்தனை வருஷமும் அவர் கோப்பையில் ஒரு துண்டுகூட மிஞ்சியதில்லை.

"சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"நீ ஆசயா வச்சே" என்றார் அவர். பிறகு தண்ணீர்க் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டு முடித்தாள்.